அடைப்புக்குறிக்குள் விட்ட இடம்

என் கையால் இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரைக் காலமாக்கியிருக்கிறேன். பயப்பட வேண்டாம். ஊரில் யாராவது இறந்தால் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பவன் நான். எழுதிய அறிவித்தல்கள் இருநூற்றுப் பதின்மூன்று. மிச்சப் பேர் அந்த அறிவித்தல்களுக்குள் ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லோடு வருகிற தாய், தகப்பன், மாமன், மாமி, மைத்துனர்மார். ஒருவரே நாலு அறிவித்தலில் நாலு முறை காலஞ்சென்றிருப்பார். அவரை ஒரு முறைதான் கணக்கில் சேர்த்திருக்கிறேன். (எண்ணுவதென்றால் நேர்மையாக எண்ண வேண்டும்.)

இவர்களில் ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து பேரைப் பற்றி ஒரு முறைப்பாடும் வரவில்லை. ஒருவரைப் பற்றி வந்தது. எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. அது நடந்தபோது எழுபது. புத்தி வருவதற்கு அது போதுமான வயது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு வருடம் ஓர் அரசாங்கக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதனால் எனக்கு ‘ஸ்ரோர்’ என்று பெயர். மண்வெட்டி, அலவாங்கு, தகரம், ஆணி எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு முறை எண்ணி இருப்பு எடுக்க வேண்டும். பதிவேட்டில் இருந்து, களஞ்சியத்தில் இல்லாத பொருளுக்கு மூன்று வருடம் தவணை. நாலாவது வருடமும் காணாவிட்டால் சிவப்பு மையால் கோடு இழுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதோடு அந்த மண்வெட்டியின் கதை முடிந்தது. வேலையை விட்ட அன்று களஞ்சியப் பூட்டுகளின் திறப்புகள் ஒன்பதையும் ஒப்படைத்தேன். அந்த விதியையும் சேர்த்து ஒப்படைத்திருக்க வேண்டும். அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அறிவித்தல் எழுதத் தொடங்கியதும் எண்ணப் போய்த்தான். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டில் ஓர் இறப்பு. அவர்கள் எழுதி வைத்திருந்த அறிவித்தலில் மகள்மார் நாலு பேர், மருமகன்மார் ஐந்து பேர். எண்ணிப் பார்த்துச் சொன்னேன். வீட்டார் பேனையை என் கையில் தந்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாருக்காவது மூச்சு வாங்குகிறது என்றால் டொக்டருக்கு அடுத்ததாக என் நினைப்புத்தான் ஊருக்கு வருகிறது. (நான் சுகம் விசாரிக்கப் போனால் நோயாளிகள் எழுந்து உட்காருகிறார்கள். இதுவும் ஒரு வைத்தியம்தான்.)

மரண அறிவித்தல் எழுதுகிறவனுக்கு மனிதரைப் பற்றிச் சில விடயங்கள் பிடிபடும். ஒருவர் தான் யார் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாரோ, அது அறிவித்தலில் வராது. தவில் வாசிக்க ஆசைப்பட்டவர், எட்டுத் தேர்தலில் ஒரே கட்சிக்கு வாக்குப் போட்டவர், மனைவிக்குப் பயந்தவர் என்று ஒன்றும் எழுத இடமில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மைத்துனர். இவ்வளவுதான் மனிதன். அன்பும் அளந்து வைத்ததுதான். வேலிச் சண்டையில் பத்தொன்பது வருடம் முகம் பார்க்காத தம்பியும் ‘அன்புச் சகோதரர்’ என்றே வருவார். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். (கனடா), (லண்டன்), (பிரான்ஸ்). அடைப்புக்குறி இல்லாத பிள்ளை என்றால் ஊரில் நின்று தாய் தகப்பனைப் பார்த்த பிள்ளை என்று அர்த்தம். அந்தப் பெயர் பார்வைக்குக் கொஞ்சம் குட்டையாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெயரெழுதும் ஒவ்வொருவரையும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்க வேண்டும். இருக்கிறவர் என்றால் பெயர் மட்டும். இல்லாதவர் என்றால் முன்னால் ‘காலஞ்சென்ற’. மூன்றாவது வகை ஒன்று இருப்பதாக நான் நினைத்திருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மில் தம்பிராசா ஆஸ்பத்திரியில் இறந்தார். மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில் வைத்திருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. மனைவி பவளம். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் கருணாகரன் கனடாவில். அடுத்தவள் சுதர்சினி லண்டனில். கடைசி சுதாகரன்.

சுதாகரன் வன்னியில் மாமன் கடையில் நின்றவன். கடைசிச் சண்டை தொடங்கியபோது அவனைக் கூட்டிவரவென்று போன பவளமும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். பிறகு சனத்தோடு சனமாக இருவரும் வெளியே வந்தார்கள். ஒரு சந்தியில் ஆமிக்காரர் இளம் பெடியன்களை மட்டும் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலால் கையை வெளியே போட்டு, ‘பேந்து வாறன், நீங்கள் போங்கோ’ என்று தாய்க்குச் சொன்னானாம். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அந்த பஸ் எங்கே போனது என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் பவளத்துக்குச் சொல்லவில்லை.

பவளம் மகனின் படத்தைச் சட்டம் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. வேறு தாய்மாரோடு சேர்ந்து றோட்டோரத்தில் தறப்பாளின் கீழ் நாட்கணக்காக இருந்தார். மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

செவ்வாய் பின்னேரம் நான் எழுதிய வரி இது: ‘கருணாகரன் (கனடா), சுதர்சினி (லண்டன்), காலஞ்சென்ற சுதாகரன் ஆகியோரின் அன்புத் தந்தையும்.’

மூன்று வருடத் தவணை எப்போதோ தாண்டிவிட்டது. பதினொரு வருடமாகக் காணாத பொருள். கை தானாக எழுதிவிட்டது.

கருணாகரனுக்கு ரெலிபோனில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்த வரியில் மறுமுனை நாலு செக்கன் பேசாமல் இருந்தது. (எண்ணினேன்.) பிறகு, “சரி மாமா, அனுப்புங்கோ. நான் வெள்ளிக்கிழமை வந்திடுவன்,” என்றான். உடலை எடுப்பது சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

வியாழன் காலை அறிவித்தல் வெளிவந்தது. பத்திரிகையில் நாலு பிரதி வாங்கிக்கொண்டு எட்டுப் பத்துக்குச் செத்தவீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தறப்பாள் கட்டி நாற்பத்தாறு பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பதினெட்டில் ஆட்கள். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வாசித்து, “ஸ்ரோர் எழுதினால் ஒரு குறையும் வராது,” என்று தலையாட்டினார்கள். நானும் அடக்கமாக இருப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். (அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும்போல் இருக்கிறது.)

ஒரு பிரதி பெண்கள் இருந்த பக்கம் போனது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஒப்பாரி நின்றது. கொஞ்ச நேரத்தில் பவளம் பத்திரிகையோடு வெளியே வந்தார். அழுத முகம்தான், ஆனால் அழுகை இல்லை.

“அண்ணை, இதை எழுதினது நீங்களோ?”

“ஓம் தங்கச்சி.”

“சுதாகரன் செத்திட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

முற்றத்தில் இருந்த பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மன்னித்துக்கொள் தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். நான் சொன்னது வேறு.

“பதினொரு வருசமாச்சே, தங்கச்சி.”

“பதினொரு வருசம், எட்டு மாசம், நாலு நாள்,” என்றார் பவளம். “நீங்கள் வருசத்தை மட்டும்தான் எண்ணியிருக்கிறியள்.”

என் வாழ்க்கையில் எண்ணிக்கையில் நான் தோற்றது அந்த ஒரு முறைதான்.

“கந்தோரிலை மூண்டு தரம் தாளை நீட்டினவை. நான் கையெழுத்து வைக்கேல்லை. இந்த மனுசன் மூச்சு இழுக்கேக்கையும் கேட்டது, ‘பெடியனைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ’ எண்டுதான். இனி நான் போய் என்ரை பிள்ளை எங்கை எண்டு கேட்டால், நீங்களே பேப்பரிலை போட்டிருக்கிறியளே அம்மா எண்டு இதை எடுத்துக் காட்டுவினம். நான் என்ன மறுமொழி சொல்ல?”

பத்திரிகையை என் கையில் திணித்தார்.

“நீங்கள் எழுதினதை நீங்களே மாத்துங்கோ. மாத்தாமல் இவரை வாசற்படலை தாண்ட விடமாட்டன். சனிக்கிழமை போய் ஞாயிறு வந்தாலும் சரி.”

அவர் உள்ளே போய்விட்டார். என் மனைவி சரோ பெண்கள் பக்கம் இருந்து என்னைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருடத்தில் அந்தப் பார்வையை நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. எங்கள் பக்கத்தில் இறப்பு என்றால் ஓட்டோவில் ஒலிபெருக்கி பூட்டி தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாக அறிவிப்பார்கள். ஓட்டோக்காரன் குகன் நான் எழுதியதையே தன் குரலில் பதிந்து விடியற்காலை ஆறரையிலிருந்து ஓடவிட்டிருந்தான். சுதாகரன் ஏழு ஊருக்குக் காலஞ்சென்றுகொண்டிருந்தான்.

சைக்கிளை எடுத்தேன். எழுபது வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னுடைய வசனத்தை நானே துரத்திக்கொண்டு போனேன். ஓர் ஒழுங்கைக்குள் நான் நுழையும்போது அது மற்ற ஒழுங்கையில் கேட்கும். மதவடியில் நான் ஏறினால் அது கோயிலடியில் இறங்கும். ‘காலஞ்சென்ற சுதாகரன்’ என்று பதினொரு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது தடவை கிட்டக் கேட்டது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் குகன் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

“உதை நிப்பாட்டு தம்பி.”

“ஏன் ஐயா, சத்தம் கூடவோ?”

“ஒரு பிழை விட்டிட்டன். சுதாகரனைக் காலஞ்சென்ற எண்டு போட்டது பிழை. அந்தச் சொல்லை வெட்டிப்போட்டு ஓடவிடு.”

“பதிஞ்சதை எப்பிடி ஐயா வெட்டுறது? திரும்பப் பதியிறதெண்டால் நான் வீட்டை போகவேணும். அவசரமெண்டால் மைக்கைப் பிடிச்சு நீங்களே சொல்லுங்கோவன். உங்கடை வாயாலை சொன்னால் சனமும் நம்பும்.”

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கெடுத்தது. கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தாள் வாங்கி, மேசையில் வைத்து எழுதினேன். களஞ்சியத்தில் இருந்த காலத்திலும் திருத்தம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். ஐயத்துக்கு இடம் வைக்க மாட்டேன். இரண்டு முறை வாசித்துப் பார்த்து, குகனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, மைக்கைப் பிடித்தேன்.

“அன்பார்ந்த ஊர்மக்களே, ஒரு திருத்தம். இன்று காலை காலஞ்சென்றவர் என அறிவிக்கப்பட்ட தம்பிராசா சுதாகரன் காலமாகவில்லை என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்.”

குகன் திரும்பிப் பார்த்தான். “ஐயா, அந்த மனவருத்தம் எண்டது அதிலை வேணுமோ?”

“அறிவித்தலிலை வழமையா வாறதுதான். நீ ஓட்டு.”

முதலாவது ஒழுங்கையில் ஆட்கள் படலையடிக்கு வந்து பார்த்தார்கள். இரண்டாவது ஒழுங்கையில் ஒருவர் சாரத்தைக் கட்டிக்கொண்டே எங்களுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். மூன்றாவதில் சைக்கிள்கள் சேர்ந்தன. ஒரு பெண் குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து என்னிடம் ஏதோ கேட்டாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

திரும்பிப் பார்த்து எண்ணினேன். இருபத்தேழு பேர். செய்த பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஒரு மனிதனுக்கு ஊர் இப்படி மரியாதை செய்கிறதே என்று நினைத்தேன். (உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதுவதற்கு ஆறு வருடம் சென்றது.) குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். ‘காலமாகவில்லை’ என்ற சொல்லை நிறுத்தி, அழுத்தி, இரண்டு முறை சொன்னேன்.

அந்தக் குரலோடுதான் செத்தவீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினோம்.

பவளம் படலைக்கு வெளியே நின்றார். புருசனின் உடலை விட்டுவிட்டு வந்திருக்கிறார். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. காலில் செருப்பு இல்லை. ஓட்டோ நிற்கும் முன்பே ஓடிவந்து, அருகுத் தறப்பாளைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஒலிபெருக்கியின் பற்றரி இருந்தது. பின்னால் சாமான் வைக்கிற இடத்தையும் எட்டிப் பார்த்தார்.

“எங்கை அண்ணை?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்தேழு பேரும் எதற்காகப் பின்னால் வந்தார்கள் என்பதும், ஈரக் கையோடு வந்தவள் என்ன கேட்டிருப்பாள் என்பதும் ஒன்றாக விளங்கியது.

“எங்கை அவன்? இறங்கிட்டானோ? வேறை வாகனத்திலை வாறானோ?”

“இல்லைத் தங்கச்சி,” என்றேன். “ஆள் இல்லை. திருத்தம் மட்டும்தான்.”

மைக்கை நான் இன்னும் வாய்க்கு நேரேதான் பிடித்திருந்தேன். அந்த மறுமொழி இரண்டு ஒலிபெருக்கியாலும் ஊர் முழுக்கப் போனது.

பவளம் இருந்த இடத்திலேயே, ஒழுங்கைப் புழுதியில், ஓட்டோச் சில்லுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். இருபத்தேழு பேரும் நின்றார்கள். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. அந்த அமைதியை நான் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

சரோ வந்தாள். என் கையில் இருந்த மைக்கை வாங்கிக் குகனிடம் கொடுத்தாள். “இஞ்சருங்கோ,” என்றாள் மெதுவாக. “ஒரே நாளிலை ஒரு பெடியனை ரெண்டு தரம் சாக்காட்டின ஆள் உலகத்திலை நீங்கள் ஒருத்தர்தான்.”

பிறகு பவளத்தின் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். பவளம் தானே எழும்பினார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முற்றத்தில் தேத்தண்ணிப் போத்தல்கள் வைத்திருந்த மேசையில் இரண்டு போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

“இருங்கோ அண்ணை. பேப்பருக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. உங்கடை சொல் ஒண்டும் போடக் கூடாது.”

இருந்தேன். பேனையைத் திறந்தேன்.

“கருணாகரன். அடைப்புக்குறிக்குள்ளை கனடா. சுதர்சினி. அடைப்புக்குறிக்குள்ளை லண்டன். சுதாகரன்.”

எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். நான் திருந்தாத ஆள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பழக்க தோசத்தில் கேட்டுவிட்டேன்.

“சுதாகரனுக்கு அடைப்புக்குறிக்குள்ளை என்ன போட?”

பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளில் கையை வைத்து அழுத்தினார். பவளம் கோபிக்கவில்லை. யோசித்தார். கேட்க வேண்டிய கேள்வியை யாரோ ஒருவன் கடைசியாகக் கேட்டுவிட்டான் என்பதுபோல யோசித்தார்.

“அடைப்புக்குறி போடாட்டில் ஊரிலை நிக்கிறான் எண்டெல்லோ அர்த்தம்?”

“ஓம்.”

“ஊரிலை அவன் இல்லை. போடுங்கோ. உள்ளுக்கு ஒண்டும் எழுதாதேங்கோ.”

“வெறுமையாவோ?”

“வெறுமையாத்தான். எந்த இடம் எண்டு தெரியவரேக்கை நான் சொல்லுறன்.”

பின்னேரம் பத்திரிகையிலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். குரலில் முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும்.

“ஐயா, உங்கடை திருத்தத்திலை மூண்டாவது பேருக்குப் பின்னாலை அடைப்புக்குறிக்குள்ளை ஒண்டும் இல்லை. விடுபட்டுப்போச்சோ?”

“இல்லைத் தம்பி. அப்பிடியே போடுங்கோ.”

“அப்பிடிப் போடேலாது ஐயா. வாசிக்கிறவை எங்கடை பிழை எண்டு நினைப்பினம். நாட்டின்ரை பேரைச் சொல்லுங்கோ, நான் போடுறன்.”

“தெரியாது தம்பி.”

“மகன் எந்த நாட்டிலை எண்டு தெரியாதோ?”

“ஒருத்தருக்கும் தெரியாது. தாய் தேடிக்கொண்டிருக்கிறா.”

அவர் “ஆமி பஸ்ஸோ?” என்று கேட்கவில்லை, “எந்த வருசம்?” என்று கேட்கவில்லை. “எவ்வளவு இடம் விட ஐயா?” என்று மட்டும் கேட்டார். முப்பத்தொரு வருடம் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாத நான், ஒரு வெறுமைக்காக வாதாட ஆயத்தமாக இருந்தேன். வாதாடத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. சுதாகரன் (              ).

அன்று பின்னேரம் கருணாகரன் வந்து சேர்ந்தான். பத்திரிகையை வாங்கி, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனான்.

“மாமா, செவ்வாய்க்கிழமை நீங்கள் வாசிக்கேக்கை அந்தச் சொல் எனக்குக் கேட்டது.”

“தெரியும்.”

“வேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை. சரி எண்டு சொல்லவும் மனம் வரேல்லை.”

“சரி எண்டு சொன்னனீ,” என்றேன்.

“ஓம். அதைத்தான் சொன்னனான்,” என்றான். வேலியைப் பார்த்துக்கொண்டு அழுதான். அவன் தகப்பனுக்காக அழுவதாக அங்கே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் இருந்திருக்கும்.

சனிக்கிழமை பகல் தம்பிராசாவைத் தூக்கினார்கள். பெண்கள் படலை மட்டும்தான் வருவது வழக்கம். பவளம் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடை கிட்ட வந்ததும், ஒரு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தவர், அதைப் புருசனின் தலைமாட்டில் செருகினார். “கொண்டு போங்கோ,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. தூக்கியவர்கள் நடந்தார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு அறிவித்தல் எழுதுவதை விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஊர் விடவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு பெயருக்கும், “ஆள் இருக்கிறாரோ?” என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். ஓம், இல்லை என்ற இரண்டு மறுமொழிகளைத்தான் எதிர்பார்த்தேன். இதுவரை பதினேழு வீடுகளில் மூன்றாவது மறுமொழி வந்திருக்கிறது. வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், “பவளத்தின்ரை பெடியனுக்குப் போட்ட மாதிரிப் போடுங்கோ,” என்பார். பத்திரிகையில் இப்போது ஒருவரும் அதை விடுபட்டது என்று நினைப்பதில்லை.

வீட்டில் இது பகிடியாகிவிட்டது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் மகன் ரெலிபோனில் “அப்பா எங்கை?” என்று கேட்டால், நான் சொல்லாமல் வெளியே போயிருந்தால், சரோ சொல்லும் மறுமொழி, “அடைப்புக்குறிக்குள்ளை.” பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. அவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். தொலைந்த மூக்குக்கண்ணாடி, வராத பஸ், திரும்பி வராத குடை எல்லாம் எங்கள் வீட்டில் அடைப்புக்குறிக்குள்தான். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பிந்தித்தான் சிரிப்பு வரும்.

பவளத்துக்கும் இந்தப் பகிடி தெரியும். போன வருடம் ஒரு நாள் காலை வந்தார். நான் முருங்கைக்காய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“என்னண்ணை, அடைப்புக்குறியாலை வெளியிலை வந்திட்டியளோ?” என்றார். சரோ குசினிக்குள் நின்று சிரித்தாள்.

பவளத்தின் கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை இருந்தது. உள்ளே அவருடைய சொந்த மரண அறிவித்தல். தம்பிராசாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு என்னைக்கொண்டு எழுதுவித்தது. பேரப்பிள்ளை பிறந்தால், யாராவது கலியாணம் முடித்தால் கொண்டுவருவார். நான் திருத்தி, புதிதாக எழுதிக் கொடுப்பேன். இது ஏழாவது பிரதி.

“சுதர்சினிக்கு ரெண்டாவது, பெடிச்சி. பேரைச் சேருங்கோ.”

சேர்த்தேன். சேர்த்துவிட்டு மேலிருந்து வாசித்துக் காட்டினேன். சுதாகரனின் பெயர் வந்ததும் வழக்கம்போல நிறுத்தினேன்.

“தம்பி இருக்கிறான் எண்டு கருணா நம்பேல்லை, என்ன அண்ணை?” என்றார் பவளம். “நீங்கள் வாசிக்கேக்கை அவன் பேசாமல் இருந்திருப்பான். எனக்கு அண்டைக்கே விளங்கினது. நம்பாட்டில் பரவாயில்லை. எங்களிலை ஒராளாவது நித்திரை கொள்ளட்டும்.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு அடைப்புக்குறிக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார். விரல் இரண்டு பக்கமும் முட்டியது.

“உதுக்குள்ளை எத்தினை எழுத்துக் கொள்ளும்?”

“ஏழு கொள்ளும், தங்கச்சி.”

“காணாது அண்ணை. நீளமான பேர் உள்ள ஊரிலை இருந்தானெண்டால் என்ன செய்யிறது?”

புதுத் தாள் எடுத்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். இப்போது பதினான்கு எழுத்துக்கு இடம் இருக்கிறது.